நூலில் தொங்கிய ராக்கெட்

டிவியில் ராக்கெட் கிளம்பி அரை அடி உயர்ந்ததும், அதன் மூக்கில் கட்டியிருந்த நூல் தெரிந்தது.

"அத்தான், நூலு," என்றான் கிளாரன்ஸ்.

"எங்க?" என்றார் வால்டர். எங்கே என்று அவருக்கும் நன்றாகவே தெரிந்தது.

கிளாரன்ஸ் அவர் மனைவி அக்னஸின் தம்பி. வெளிநாட்டு விண்வெளிப் படங்களை வீடியோவில் பார்த்துக் கெட்டுப்போனவன். "இப்பல்லாம் கம்ப்யூட்டர வச்சு எடுக்கிறாங்க. அந்தக் காலத்துப் படமெல்லாம் பொம்மை வெளாட்டுலா," என்று போன மாதம் வாயை விட்டான்.

வால்டருக்குப் பொறுக்கவில்லை. 1970இல் சிடாம் கிரிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய தமிழ்ப் படத்தில் ராக்கெட் கிளம்பியதைக் கண்ணால் கண்டவர் அவர். பதினான்கு வருடமாக அதையே சொல்லி வந்ததால், இப்போது குடியிருக்கும் மெர்கோங்கில் அவரைப் பார்த்தாலே ஆட்கள் வேறு பக்கம் போனார்கள்.

"அதே படத்தப் போட்டுக் காட்டறேன். பொம்மையா இருந்தா என் மீசைய எடுத்துடறேன். இல்லன்னா உன் மீசைய எடு," என்று பந்தயம் கட்டி, அந்தப் படத்தின் கேசட்டையும் தேடிப் பிடித்துவிட்டார்.

மீசையில் விளையாடக் கூடாத சமயம் அது. புதன்கிழமை ஃபேக்டரி யூனியன் தேர்தல். செயலாளர் பதவிக்கு நிற்கும் வால்டர், மீசையோடு சிரிக்கும் நோட்டீஸை கேண்டீன் சுவரெங்கும் ஒட்டியிருந்தார். மழித்த முகத்தோடு போய் நின்றால் ஓட்டு யாருக்கு என்று குழப்பம் வரும்.

"வெளிச்சம் அடிக்குது. அதான் இல்லாததெல்லாம் தெரியுது," என்று எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார். இருட்டில் நூல் பளபளவென்று மின்னியது.

"டிவி சின்னதுலா. திடல்ல எவ்வளவு பெருசாப் பார்த்தோம்," என்றார் அடுத்து.

பக்கத்து வீட்டு நடராஜாவிடம் பெரிய டிவி இருந்தது. அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமைதான் வார லீவு என்பதால் அதைத் தூக்கிக்கொண்டு அவர் குடும்பமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. பெரிய டிவியில் எல்லாமே பெரிதாகத் தெரிந்தது. நூலைப் பிடித்திருந்த கை தெரிந்தது. ராக்கெட்டின் வயிற்றில் பால்மாவு டின்னின் எழுத்து தெரிந்தது. விஞ்ஞானி திருகித் திருகி ஓட்டியது மூன்று ஃபேன் ரெகுலேட்டர்களை. சந்திரனில் இறங்கிக் கதாநாயகி பாடும்போது பின்னால் ஒரு காக்கா பறந்தது.

நடராஜா வீட்டார் நல்ல நகைச்சுவைப் படம் என்று ரசித்துச் சிரித்தார்கள்.

"நோட்டீஸ்ல இருக்கிற மீசைமேல வெள்ளை பெயின்ட் அடிச்சுடலாங்க," என்றாள் அக்னஸ், உதவி செய்கிற குரலில்.

வால்டர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மீசை போனால் போகிறது. இத்தனை வருடம் ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்தோமோ என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கேசட்டுக்காரன் வெட்டிட்டு வேற ஒட்டியிருக்கான். அன்னிக்குப் படம் காட்டுற மெஷின் ஓட்டுன ராமையாண்ணன் ஜித்ராவுல இருக்காரு. கூட்டிட்டு வா, கேப்போம்."

கிளாரன்ஸே காரில் போய் ராமையாவை அழைத்து வந்தான். எழுபதைத் தாண்டிய மனிதர். தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே ராக்கெட் காட்சியைப் பார்த்தார்.

"அண்ணே, நம்ம திடல்ல ஓடுனப்ப இப்படியா இருந்துச்சு?"

"இது இல்லையே தம்பி. நெருப்பு கக்கிக்கிட்டு, புகை சுருண்டு சுருண்டு வரும். கோபுரம் ஒசரம் ராக்கெட்டு."

"நூலு?" என்றான் கிளாரன்ஸ்.

"அதுக்கு எதுக்குப்பா நூலு?"

வால்டர் கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். கண்ணைத் திறந்ததும் மீசையை முறுக்கினார். அக்னஸ் முகம் கோணாமல் சோப்பையும் சவரக்கத்தியையும் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தாள். நடராஜா வீட்டார் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கிளாரன்ஸ் கண்ணாடி முன் நின்று இடப்பக்க மீசையை எடுத்து முடித்தான்.

"எடுத்தா இப்படி எடுக்கணும் படம். அந்தத் தெறம இப்ப எவன்கிட்ட இருக்கு?" என்றார் வால்டர், சபையைப் பார்த்து.

"அப்புறம் ஏன் தாத்தா கேசட்ல அது இல்ல?" என்று பாதி மீசையோடு கேட்டான் கிளாரன்ஸ்.

"எப்படி இருக்கும்? ஒரே படத்த ரெண்டு தோட்டத்துல ஓட்டுவோம். அங்க முடிஞ்ச ரீல மோட்டோ சைக்கிள்ல இங்க கொண்டாருவாங்க. அன்னிக்கு மோட்டோ பஞ்சராயி ராக்கெட் ரீலு வந்தே சேரல. சனங்க கூச்சல் போட ஆரம்பிச்சுட்டாங்க," என்று ராமையா கோப்பையைக் கீழே வைத்தார்.

"கையில இருந்தது அமெரிக்காக்காரன் நெசமாவே சந்திரனுக்குப் போன நியூஸ் ரீலுதான், அதத்தான் மாட்டி ஓட்டிட்டேன்."