ராத்திரி ரேட்டுக்கு ஒரு கையெழுத்து

கரண்ட் விஷயத்தில் இனி யார் பேச்சையும் கேட்பதில்லை என்று சேதுமாதவன் சபதம் எடுத்தான். யார் பேச்சு? மனைவி சந்திரகலாவின் பேச்சுதான். வீட்டில் மிச்சமிருந்த இன்னொருத்திக்கு எட்டு மாதம். இன்னும் பேச்சு வரவில்லை.

அவர்கள் குடியிருந்த அரபு நாட்டுக் குதைபியாப் பகுதிக்குப் புதுக் கரண்ட் திட்டம் வந்திருந்தது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பாதி ரேட், பகலில் இரட்டை ரேட். பாரத்தில் இரண்டு கட்டம். பழைய ரேட்டுக்கு முதல் கட்டம், ராத்திரி ரேட்டுக்கு இரண்டாவது. வியாழன் பன்னிரண்டு மணிக்குள் கொடுக்காவிட்டால் இணைப்பே கட்.

"ராத்திரி ரேட்டே போதும். பகல்ல ஏ.சி. எதுக்கு? பழைய வீடு, ஒன்றரை முழச் சுவர். வெயில் உள்ள வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்."

"வந்த வெயில் வெளிய போக விடிஞ்சிடுதே! நேத்து மத்தியானம் அரை மணி கரண்ட் போச்சு. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாம கிடந்துது. எனக்குப் பயமா இருக்குங்க."

"எல்லாம் பழகிடும்."

"யாருக்கு? நீங்க ஏ.சி. ஆபீஸ்ல உக்காந்து பழகிக்குவீங்க!"

ஒரே சிக்கல். மீட்டர் வீட்டுக்காரி உம்மு ஹமத் பேரில் இருந்தது. விதவை. அந்த வீட்டு உள்வாசலை அந்நிய ஆண் மிதிக்க முடியாது. அவள் கையெழுத்துக்குப் பாரம் சந்திரகலா கையில்தான் போக வேண்டும்.

"குடுங்க, வாங்கிட்டு வரேன்" என்றாள். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

வியாழன் காலை பதினொரு மணி, ஆகஸ்ட் மாதம். குழந்தையோடு அவள் உள்ளே போனாள். இவன் வாசலில் நின்றான். தெருவில் ஒரு காக்கா ஒதுங்கக்கூட நிழல் இல்லை.

கால் மணி கழித்துக் கதவைத் தட்டினான். அங்கே வேலை பார்க்கும் காயல்பட்டினத்து நஸீரா தலையை நீட்டினாள். ஏ.சி. காற்று அவன் மூக்கை ஒரு நொடி தொட்டுவிட்டுப் போனது.

"கையெழுத்து ஆச்சாம்மா?"

"அரபுக் காப்பி, காவா குடிக்கிறாக சார்."

"முதல்ல கையெழுத்து போடச் சொல்லு!"

"விருந்தாளிக்கு மூணு கோப்பை ஊத்தணும். இப்பத்தான் ஒண்ணு ஆயிருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. சட்டை முதுகோடு ஒட்டியது. சாய்ந்துகொள்ளலாம் என்று இரும்புக் கேட்டைப் பிடித்தான். கேட் அவனைக் கடித்தது. பதினொன்றரை. கரண்ட் ஆபீஸுக்கு டாக்ஸியில் பத்து நிமிஷம். மறுபடி தட்டினான்.

"குழந்தைக்குப் பேரீச்சம்பழம் மசிச்சு ஊட்டுறாக சார்."

"யம்மா, நேரமாச்சு!"

"பெரியம்மா கேக்கச் சொன்னாக. எந்தக் கட்டம்?"

"ரெண்டாவது! ராத்திரி ரேட்!"

"அப்பப் பகல்ல குழந்தை எங்க இருக்கும்னு கேக்குறாக."

"வீட்லதான்!"

"சொல்லிட்டு வாரேன்." கதவு சாத்திக்கொண்டது.

பதினொன்றே முக்கால். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எதிர்ச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. சேதுமாதவன் இரண்டு கையாலும் கதவை அடித்தான்.

"எந்தக் கட்டமானாலும் சரி! முதல் கட்டமே போடுங்க! இந்த வெயில்ல மனுஷன் இருப்பானா?"

கதவு விரியத் திறந்தது. தோளில் தூங்கும் குழந்தையும் கையில் பாரமுமாகச் சந்திரகலா நின்றாள். முதல் கட்டத்தில் தெளிவாக ஒரு டிக். கீழே கையெழுத்து. வேர்வைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். மை காய்ந்து கிடந்தது.

"இதுக்கா முக்கால் மணி நேரம்?"

நஸீரா சொன்னாள்: "கையெழுத்து அஞ்சே நிமிஷத்துல ஆயிடுச்சு சார். உங்க வாயால வரட்டும்னுதான் அக்கா காத்துக்கிட்டு இருந்தாக."