காகத்துக்கு நான் பொறுப்பு

பொறுமை சிலருக்குப் பிறவியிலேயே கிடைக்கும், சிலருக்கு அடிபட்டுக் கிடைக்கும். எனக்குப் பிறவியிலும் கிடைக்கவில்லை, அடிபட்ட பிறகும் அரைகுறையாகத்தான் கிடைத்தது. மைக்ரோவேவ் சத்தம் போடுவதற்கு முன்பே கதவைத் திறந்து, நடுவில் குளிர்ந்த சோற்றைச் சாப்பிடுகிற ஆள் நான். விமானம் தரையைத் தொட்டதும் எழும்பி, பெட்டித் தட்டு தலையில் இடிக்க, கூனிக்கொண்டு நிற்பவர்களில் முதல் ஆளும் நான்தான். எங்கள் ஆட்கள் இதை அந்தரம் என்பார்கள். கல்யாணமான நாள் முதல் என் மனைவி வசந்தி என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை "அந்தரப்படாதேங்கோ" என்பதுதான். (அன்பான வார்த்தைகள் பட்டியலில் வெகு தூரம் கீழே இருக்கின்றன.)

இந்த அந்தரத்தால், டென்மார்க்கில் நான் வேலை செய்கிற சில்க்போர்க் தொழிற்சாலையில் எனக்கு நல்ல பெயர். வீட்டில்தான் அது மகளின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

மகள் அபிரா கோப்பன்ஹேகனில் படிக்கும்போது கஜன் என்ற பையனை விரும்பினாள். தங்கமான பிள்ளை. அவனுடைய தாய் தகப்பன் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய் என்ற ஊரில் இருக்கிறார்கள். தகப்பன் சிவபாதம் அண்ணை, நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வருகிற மனிதர்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே அவருக்கு உலகத்தின் எல்லா அவசரமும் அலுத்துப்போயிருந்தது. தாய் பரமேஸ்வரி அக்கா நாள், கோள், விரதம் என்று எதிலும் பிசகாதவர். முதன்முதல் அவர்கள் வீட்டுக்குப் பேசப் போனபோது, தேத்தண்ணி வருவதற்கு முன்பே நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அப்ப கல்யாணத்தை எப்ப வைப்பம்?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா கதவடியிலேயே நின்றுவிட்டார். "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். அதற்குப் பிறகு மாதக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தார்கள். கஜன் மூலமாகக் காரணம் எங்கள் காதுக்கு வந்தது. "பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா தகப்பன்ரை அந்தரம் அவவுக்கும் இருந்தால் எப்பிடிக் குடும்பம் நடத்துறது?" என்று அக்கா கேட்டாராம். அன்றிரவு மகள் எங்களோடு கதைக்கவே இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கடைசியில் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இலையுதிர்கால விடுமுறைக்கு இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் ஒரு வீடு எடுத்து, பெற்றோர் நாலு பேரையும் அனுப்பிவைப்பது. பழைய நகரம், பார்க்க எவ்வளவோ இருக்கிறது, போய்ப் பழகிவிட்டு வரட்டும் என்று. விமான நிலையத்தில் அபிரா என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு ஒரேயொரு வேலைதான். சும்மா இருக்கிறது" என்றாள். டேனிஷில்தான் சொன்னாள். பாரதூரமான எச்சரிக்கையை எல்லாம் அவள் டேனிஷில்தான் தருவாள்.

ஆனால் சும்மா இருக்க முடியாதபடி நான் ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். பயணத்துக்கு முந்தின கிழமை பரமேஸ்வரி அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, அந்தச் சனிக்கிழமை கடைசிப் புரட்டாதிச் சனி. இவருக்கு ஏழரைச் சனி நடக்குது. காகத்துக்கு வைக்காமல் நாங்கள் வாயிலை தண்ணியும் வைக்கமாட்டம். அங்கை காகம் இருக்குமோ? இல்லையெண்டால் நாங்கள் வரேல்லை."

எங்கள் பக்கத்தில் புரட்டாதிச் சனி சனீஸ்வரனுக்குரியது. எள்ளெண்ணெய் விளக்கேற்றி, எள்ளுச் சோற்றை அவருடைய வாகனமான காகத்துக்கு வைத்து, அது சாப்பிட்ட பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம். இஷொய் காகங்களுக்கு இதெல்லாம் பழக்கம். அக்கா பல்கனிக் கதவைத் திறந்தாலே வந்து வரிசையில் நிற்குமாம்.

அந்த இடத்தில் ஒரு நிதானமான மனிதன் என்ன சொல்லியிருப்பான்? விசாரித்துச் சொல்கிறேன் என்றிருப்பான். நான் சொன்னேன்: "காகம் இல்லாத ஊர் உலகத்திலை இருக்கோ அக்கா? நீங்கள் யோசியாமல் வாங்கோ. காகத்துக்கு நான் பொறுப்பு!"

வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். சும்மா இருக்க வேண்டும் என்று எனக்கு நானே நூறு தரம் சொல்லிக்கொண்டு, அன்று பின்னேரத்துக்குள்ளேயே அவர்களை ஒரு தேவாலயம், இரண்டு சதுக்கம், ஒரு தோல் சந்தை எல்லாவற்றுக்கும் ஓட்டிவிட்டேன். ஒரு சதுக்கத்தில் ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கில் உடுப்பே இல்லாத ஆண் சிலை ஒன்று நின்றது. சம்பந்தம் பேசுகிற நேரத்தில் அக்காவோடு பார்க்கிற சிலை அது இல்லை என்று வசந்தி என் முழங்கையில் கிள்ளினாள். இரவு பிட்ஸா. அக்கா கைப்பையிலிருந்து கட்டை மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து, பிட்ஸா சிவக்கும்வரை தூவினார். பரிமாறியவரின் முகமும் சேர்ந்து சிவந்தது.

ஆற்றுக்கு மேலே நகைக்கடைகள் வரிசையாக இருக்கிற பழைய பாலத்தில்தான் எனக்கு முதல் நம்பிக்கை வந்தது. அக்கா ஒரே கண்ணாடிக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். நான் ஒரு காலை மாற்றி மறுகால், மறுகாலை மாற்றி ஒரு கால் என்று நின்றேன். கடைசியில் அவர் தனக்குள்ளே சொல்வதுபோல, "பதினெட்டுக் கரட்டிலை தாலிக்கொடி செய்யேலாது, என்ன?" என்றார்.

தாலிக்கொடி! என் மண்டைக்குள் மேளம் அடித்தது. "ஏன் ஏலாது அக்கா? செய்யலாம்! இப்பவே உள்ளுக்கை போய்க் கேப்பம்!" என்று கடைக் கதவைத் தள்ளியே விட்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சிவபாதம் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, நான் ஓடி வாறவைக்கு பஸ்ஸை நிப்பாட்டுறேல்லை. அடுத்த பஸ் இருக்குத்தானே" என்றார். பிறகு இரண்டு பேரும் பாலத்தைக் கடந்து நடந்துவிட்டார்கள். வந்த தாலிக்கொடியை நானே துரத்திவிட்டேன் என்று எனக்கு விளங்கியது.

சனிக்கிழமை விடிந்தது. அக்கா பெட்டிக்குள் குக்கரோடு வந்திருந்தார். மத்தியானத்துக்குள் சோறு, பருப்பு, கத்தரிக்காய், பயத்தங்காய் எல்லாம் தயார். நாங்கள் விரதம் இல்லை என்றாலும், பெரியவர்கள் பட்டினி இருக்க நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? வசந்தி எனக்குக் காலையில் ஒரு பிஸ்கட்கூடத் தரவில்லை. அக்கா எள்ளுச் சோற்றைச் சன்னல் விளிம்பில் வைத்து, "கா... கா... கா..." என்று கூப்பிட்டார்.

வந்தது புறா. ஒன்று வந்தது, பிறகு மூன்று வந்தது, பிறகு ஊரே வந்தது. அக்கா துவாயை வீசித் துரத்தினார். மறுபடி சோறு வைத்தார். மறுபடியும் புறா.

"புறாவும் பறவைதானே அக்கா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"சனீஸ்வரன் புறாவிலையோ வாறவர்?" என்று கேட்டார் அக்கா.

கீழே தெருவில் இறங்கி மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். சந்தைக்குப் பின்னால், குப்பைத் தொட்டியடியில், ஆற்றங்கரையில் என்று ஓடினேன். காகத்தின் ஒரு இறகுகூட இல்லை. இருந்ததெல்லாம் ஐஸ்கிரீம் கடை, பாண் சுடுகிற கடை, வறுத்த உருளைக்கிழங்கு வாசனை. டென்மார்க்கில் குப்பைப் பையைக் கிழித்துப்போட்டதற்காக நான் கல்லெறிந்து துரத்திய காகங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்றையாவது கூடக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

திரும்பி வந்தபோது அண்ணை கதிரையில் கண்ணை மூடி இருந்தார். அக்காவின் முகம் கறுத்திருந்தது. "பொறுப்பு எண்டு சொன்னியள்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று சொல்லுக்குள் மகளின் கல்யாணம் நழுவுவது எனக்குத் தெரிந்தது. சும்மா இருக்கத் தெரியாதவன், சொன்ன சொல்லைக் காக்கவும் தெரியாதவன். இப்படிப்பட்ட வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அப்போதுதான் மூளை வேலை செய்தது. (பசியில் வேலை செய்கிற மூளையை யாரும் நம்பக்கூடாது.) பெரிய தேவாலயத்தின் குவிமாடக் கோபுரத்தில் ஏறுவதற்கு அன்று பின்னேரம் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். உயரம் என்றால் காகம் இருக்கும்! கோயில் கோபுரத்தில் காகம் இல்லாமல் இருக்குமா?

"அக்கா, சோத்தைக் கட்டுங்கோ!" என்றேன்.

மின்தூக்கி இல்லை என்பதையும் எத்தனை படி என்பதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்கள். படிக்கட்டு ஒரு ஆள் மட்டும் போகிற அகலம். பின்னால் ஆட்கள் முட்டிக்கொண்டு வருவதால் திரும்பவும் முடியாது. பாதியில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னும் எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். "இந்தா, முடிஞ்சுது" என்றேன். அதைப் பிறகும் பலமுறை சொன்னேன். அண்ணை படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே நகரம் முழுவதும் சிவப்பு ஓடு. அதை ஒருவரும் பார்க்கவில்லை. நாங்கள் நாலு பேரும் வானத்தைப் பார்த்தோம். குவிமாடத்தைச் சுற்றிச் சின்னதாகக் கறுப்புப் பறவைகள் வட்டம் போட்டன.

"அது காகமோ?" என்றார் அக்கா.

அண்ணை நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "டென்மார்க்கிலையும் தேவாலயக் கூரையளிலை இருக்கிறதுதான். கண் வெள்ளையாய் இருக்கும். காகத்தின்ரை தம்பி."

"தம்பியெண்டாலும் ஒரே குடும்பம்தானே!" என்று நான் பாய்ந்தேன்.

அக்கா யோசித்தார். "கறுப்புத்தான். சரி, வையுங்கோ."

கம்பி ஓரத்தில் சோற்றைப் பிரித்து வைத்துவிட்டு நின்றேன். காத்திருந்தேன் என்றுதான் சொல்ல ஆசை. எண்ணி ஐந்து மூச்சு விட்டிருப்பேன். பிறகு, "கா! கா! கா!" என்று கத்தத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. பறவைகளும் அந்தப் பக்கம் போயின. ஆத்திரம் தாங்காமல் சோற்றை அள்ளி வானத்தை நோக்கி எறிந்தேன். காற்று அதை அப்படியே வாங்கி என் மீதே திருப்பிக் கொட்டியது. வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, கொலருக்குள், எங்கும் எள்ளுச் சோறு.

தட்டிவிடக் கையைத் தூக்கினேன். தலையில் ஏதோ தொப்பென்று இறங்கியது. நகம் குத்தியது.

"அசையாதேங்கோ!" என்று பரமேஸ்வரி அக்கா போட்ட சத்தத்தில் பாதி உச்சியும் உறைந்து நின்றது.

நான் தூக்கிய கையோடு நின்றேன். தலையில் டொக், டொக் என்று கொத்து விழுந்தது. மூக்கு நுனி அரித்தது. கழுத்துக்குள் ஒரு பருக்கை மெதுவாக இறங்கியது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது (மகள்தான், எப்படிப் போகிறது என்று கேட்க). சீருடைக் காவலாளி ஒருவர் இத்தாலிய மொழியில் கத்திக்கொண்டு ஓடி வந்தார். அக்கா அவர் முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டி, "கொஞ்சம் பொறுங்கோ, சாப்பிடுது" என்று தமிழில் சொன்னார். அந்த மனிதன் பொறுத்தான்! என் வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு காலை மாற்றி மறுகாலில்கூட நிற்காமல், நானும் பொறுத்தேன். அசைந்தால் பறந்துவிடும், பறந்தால் மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற ஒரே நினைப்புத்தான். எவ்வளவு நேரம் என்பதில் இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் இருக்கிறது. தலையின் கணக்கில் ஒரு யுகம்.

கடைசியில் அது பறந்தது. சும்மா பறக்கவில்லை, தலையில் கைம்மாறும் வைத்துவிட்டுத்தான் போனது. காவலாளி எங்களைக் கீழே இறக்கும்வரை கூடவே வந்தார்.

வீட்டுக்கு வந்து நான் நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனேன். அக்கா கரண்டியால் மறித்தார்.

"காகம் தலையிலை இருக்கக் கூடாது. அதுவும் சனிக்கிழமை! முதல்லை தோஞ்சுபோட்டு வாங்கோ." அவருடைய குரலில் உண்மையாகவே பயம் இருந்தது. "உங்களுக்கு ஏதும் வந்திடப்போகுதே..."

"அவரே வந்து ஏறி இருந்து பாத்திட்டுப் போயிட்டார். இனி என்ன வரக் கிடக்கு?" என்றார் சிவபாதம் அண்ணை. அந்தப் பயணத்தில் அவர் முதல்முறை சிரித்தது அப்போதுதான்.

குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகிவிட்டு, நடுங்கிக்கொண்டு வந்து இருந்தேன். விரதகாரருக்கு முதலில் போடுவதுதான் முறை. அக்கா முதல் அகப்பைச் சோற்றை என் தட்டில் போட்டார்.

"சாப்பிடுங்கோ சம்பந்தி" என்றார்.

வசந்தி சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு பசியிலும் எனக்கு முதல் வாய் இறங்க நேரம் எடுத்தது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் நான் அவசரப்படத் தொடங்கினால் ஒருவரும் "அந்தரப்படாதேங்கோ" என்று சொல்வதில்லை. "தலையிலை காகம்" என்கிறார்கள். பல் டாக்டரிடம், ரயில் நிலையத்தில், கடை வரிசையில் எல்லாம் சொல்கிறார்கள். கஜன் தொழிற்சாலை விருந்துக்கு வந்து என் டேனிஷ் நண்பர்களுக்கும் கதையைச் சொல்லிவிட்டதால், இப்போது அவர்களும் தங்கள் மொழியில் அதையே சொல்கிறார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் நான் நிலத்தில் நிற்கவில்லை. மேளத்தை அதட்டினேன், வீடியோக்காரரை விரட்டினேன், பூமாலையை எண்ணினேன். மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்படி ஐயர் கூப்பிட்டபோதும் என் கண் சமையல் பக்கம்தான் இருந்தது. பின்னால் நின்ற சம்பந்தி அம்மா குனிந்து என் காதுக்குள் மெதுவாகச் சொன்னார்.

"தலையிலை காகம்."

அப்படியே நின்றேன். கையில் மகளின் கை இருந்தது. அவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும். அழப்போன பிள்ளை, மணவறையில், எல்லோருக்கும் முன்னால், பல் தெரியச் சிரித்தாள்.