தாமதப் பேரேட்டுத் தலைவர் பதினொன்றாம் வினாவை வென்ற வரலாறு

வாழ்க, நொடிக்கு நொடி நேரம் அளந்த நெடுந்தகை! வாழ்க, பேருந்துப் பணிமனையின் தகரக்கூரை அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வீற்றிருந்து, வந்ததையும் போனதையும் வராமலே போனதையும் சிவப்பு மையால் பதிந்த செங்கைச் செம்மல்! ஓட்டுநர் நடுங்கும் ஒற்றைப்புருவத்தார், நடத்துநர் ஒதுங்கும் நரைமீசையார், தாமதப் பேரேட்டின் தனிப்பெருந்தலைவராம் நம் நேரக்காப்பாளர், தருக்கவினா என்னும் கொடும்பகையோடு பொருத கதையைச் சொல்லப் புகுந்தோம். சீவிய பென்சிலே, துணை நில். தேய்ந்த அழிப்பானே, இன்னும் கொஞ்சம் தேய்.

போர் மூண்ட காரணம் சிறியதன்று. பணிமனையில் பரிசோதகர் பதவி காலியாக இருந்தது. அதற்கொரு தேர்வு; தேர்வில் இருபத்தைந்து தருக்கவினாக்கள்; பதினெட்டு சரியானால் தேர்ச்சி. ஒருவர் மூன்று முறைதான் எழுதலாம் என்பது விதி. தலைவரோ இருமுறை களம் புகுந்து இருமுறையும் முதுகில் புண்ணோடு மீண்டவர். அவர் கைபிடித்து வேலை பழக்கிய நடத்துநன் ஒருவன், ஓயாமல் ஊதுவதால் விசில் என்று பெயர் பெற்றவன், முதல்முறையிலேயே தேறிவிட்டு ஓரமாக நின்றான். பணிமூப்பு தலைவருக்கு, ஆகவே அவர் தேறினால் நாற்காலி அவருக்கு, தோற்றால் விசிலுக்கு. பத்தாண்டுகளாக "அண்ணே, அண்ணே" என்று பின்னால் வந்தவனை, இனி "சார்" என்று அழைக்க வேண்டிவரும். அந்த ஒரு சொல்லை நினைத்தாலே தலைவருக்குச் சோறு இறங்கவில்லை.

எனவே மாலைதோறும், வேலை முடிந்து கால் கழுவி, சாப்பாட்டு மேசையின் மேல் பயிற்சிநூலை விரித்து, சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை முறைத்துவிட்டு அவர் அமர்ந்தார். நூலின் முன்னுரை ஒரு வியூகம் வகுத்துத் தந்திருந்தது. தவறிய வினா ஒவ்வொன்றையும் தனி நோட்டில் எழுதி, தவறியதன் காரணத்தையும் பக்கத்தில் எழுதுக, தவறே ஆசான். பேரேடு எழுதுவதில் பிறவிப்பயன் கண்டவருக்கு இது கரும்பு தின்னக் கூலி. நாற்பது நாளில் எழுபத்துமூன்று தவறுகளைக் கோடு போட்டுக் கட்டம் கட்டிப் பதிந்தார். காரணக் கட்டத்தில் இருந்தவை இவை: மின்விசிறிச் சத்தம். பக்கத்து வீட்டு மிக்ஸி. எழுத்து பொடி. பென்சில் மொட்டை. கேள்வி தயாரித்தவருக்கு உலக அனுபவம் போதாது. எழுபத்துமூன்று குற்றங்களில் ஒன்றுகூடத் தலைவர் செய்ததல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு மேசை, விசிறி, தெரு, நாடு எல்லாமே கோணல்.

பகைவர் படையில் பதினொன்றாம் வினா நின்றது. ஆறு முறை மோதி, ஆறு முறையும் அவரை மண்ணைக் கவ்வ வைத்த மாற்றலன் அது. அதன் முழக்கம் இது: எல்லா ஓட்டுநர்களும் தேநீர் குடிப்பவர்கள்; தேநீர் குடிப்பவர்களில் சிலர் தாமதமாக வருபவர்கள்; ஆகவே ஓட்டுநர்களில் சிலர் தாமதமாக வருபவர்கள். இந்த முடிவு செல்லுமா, செல்லாதா?

செல்லும் என்று தலைவர் குறித்தார். செல்லாது என்றது விடைப்பக்கம். மறுநாளும் செல்லும் என்று, பென்சில் முனை உடைய, குறித்தார். செல்லாது என்றது விடைப்பக்கம், கல் நெஞ்சத்தோடு. ஏழாம் நாள் மாலை அவர் நாற்காலியைப் பின்தள்ளி எழுந்து, கூரை அதிரப் பிரகடனம் செய்தார்.

"இருபத்திரண்டு வருஷமா லேட்டு எழுதுறவன் நான்! இன்னிக்குக் காலையில மட்டும் ஒம்போது பேரு! டிரைவருங்க லேட்டா வரமாட்டாங்கன்னு எங்கிட்டயே சொல்றானா இவன்?"

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றார். அவர் மருத்துவமனை ஆய்வகத்தில் நாள் முழுக்க இரத்தத்துளிகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த வீராங்கனை. நாற்பது நாள் பொறுத்த அவர் வாய் அன்று திறந்தது.

"எனக்கும்தான் ஆளைப் பாத்தாலே என்ன நோய்னு தோணும். ஆனா ஸ்லைடுல கிருமி இல்லன்னா இல்லைன்னுதான் எழுதுவேன். லேட்டா வர்றவங்க டீ குடிக்கிறவங்கன்னு இருக்கு, டிரைவருங்கன்னு எங்க இருக்கு? உங்க டிரைவருங்களை அந்தக் கேள்விக்குள்ள ஏத்தாதீங்க."

தலைவர் நின்றார். வினாவைப் படித்தார். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்து, முதல்முறை படிப்பவரைப்போல் மீண்டும் படித்தார். உண்மைதான், தாமதமாக வரும் அந்தச் சிலர் தையல்காரர்களாக இருக்கலாம், பல் மருத்துவர்களாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். இரண்டு தேர்வுகளிலும் தம்மை விசிறியும் மிக்ஸியும் தோற்கடிக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த வெட்கம் நிஜமான வெட்கம், அதை நாம் கேலி செய்யப்போவதில்லை. நோட்டை எடுத்து, காரணக் கட்டத்தில், "டிரைவர்களை ஏற்றியது நான்" என்று எழுதினார்.

வந்தது தேர்வுநாள். நூறு பலகைகள் வரிசை கட்டிய மண்டபத்தில், முழங்கை முட்டும் நெருக்கத்தில், வியர்வையும் புதுக் காகித மணமும் கலந்த களத்தில் தலைவர் அமர்ந்தார். முதல் ஒன்பது வினாக்கள் அவர் பென்சிலுக்கு நெல்லாய் விழுந்தன. பத்தாவது இடத்தில், பழம்பகைவன் வேடம் மாற்றி வந்திருந்தான்: எல்லா நடத்துநர்களும் செருப்பு அணிந்தவர்கள், செருப்பு அணிந்தவர்களில் சிலர் உரக்கக் கத்துபவர்கள், ஆகவே நடத்துநர்களில் சிலர் உரக்கக் கத்துபவர்கள். தலைவர் காதுக்குள் விசில் ஊதினான். பணிமனை நடத்துநர் அத்தனை பேரும் ஒரே குரலில் "போலாம் ரைட்" என்றார்கள். தலைவர் அசையவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, கேள்வியிலிருந்து கீழே இறக்கிவிட்டார். இறக்கிய கையோடு "செல்லாது" என்று குறித்தார். அது சரியான விடை. விண்ணவர் பூமாரி பொழிந்திருப்பார்கள், மண்டபத்துக்கு மேலே தகரக்கூரை இல்லாமலிருந்தால்.

ஒரு தவறைத் திருத்திக்கொண்டவனுக்கு வரும் செருக்கு, தவறே செய்யாதவனுக்குக்கூட வராது. மீசையை நீவிக்கொண்டு, வெற்றிக் களிப்பில் பென்சிலை வாளாய்ச் சுழற்றி, அதே வேகத்தில் மிச்ச வினாக்களுக்குள் தலைவர் புகுந்தார். அங்கே எதிர்ப்பட்டது இது: எல்லாப் பேருந்துகளும் பச்சை நிறமானவை, பச்சை நிறமானவை எல்லாம் பறக்கும், ஆகவே எல்லாப் பேருந்துகளும் பறக்கும். தலைவர் சிரித்தே விட்டார். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டில் ஒன்றுகூட ஒழுங்காக ஓடியதில்லை, பறக்குமாம்! இனி எவனும் எம்மை ஏமாற்ற முடியாது என்று மனத்துள் முழங்கி, "செல்லாது" என்ற கட்டத்தை அழுத்திக் கரியாக்கினார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பதினேழு. வீடு வந்து சேர்ந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், கேள்வித்தாள்காரனின் அக்கிரமத்துக்குச் சான்றாக அந்தப் பறக்கும் பேருந்தை மனைவியிடம் விரிவாக எடுத்துரைத்தார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பச்சையா இருக்கிறதெல்லாம் பறக்கும்னு அதுலயே எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்தது."

"பஸ்ஸெல்லாம் பச்சைன்னும் எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்தது," என்றார் தலைவர். பாதிச் சொல்லிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. அப்படியானால் அந்த முடிவு செல்லும். மனைவி அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, தட்டு எடுத்து வைக்கப் போனார்.

பென்சிலேந்திய பெருவீரர், மும்முறை களங்கண்ட முதுபோர்வாணர், நடத்துநர் சேனையைத் தனியொருவராய்க் கேள்வியிலிருந்து இறக்கிவிட்டு, அடுத்த நிறுத்தத்திலேயே பணிமனைப் பேருந்துகள் அனைத்தையும் தாமே ஓட்டிவந்து ஏற்றிவிட்ட அந்தத் தாமதப் பேரேட்டுத் தலைவர், திங்கட்கிழமை விடிந்ததும் நரைமீசை சீவி, சிவப்பு மை நிரப்பி, நிமிர்ந்த மார்போடு பணிமனை வாயிலில் அடியெடுத்து வைத்தார். எதிரே, பரிசோதகர் உடுப்பில், விசில் நின்றான்.

"குட்மார்னிங் சார்," என்றார்.