பொலிஸ்காரரை வேவு பார்த்த கதை

பயந்தவன் கையில் பேனையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி, விடத்தல்தீவுப் பக்கம் நானும் அக்காவும் தகரக் கொட்டில் போட்டிருந்த காலம். எதிரே இருந்த உடைமரத்தின் கீழ் தினமும் மத்தியானம் ஒரு பொலிஸ்காரர் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றுவார், எங்கள் கொட்டிலையே பார்ப்பார், போனில் பேசுவார், போய்விடுவார்.

"உன்னைத்தான்ரா பாக்கிறான்," என்றாள் அக்கா.

"நான் என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யாதவனைத்தானே கனநாள் பாக்கவேணும்."

நியாயமாகப் பட்டது. (எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அக்கா சொன்னால் எதுவும் நியாயம்தான்.) நாளைக்குப் பிடித்துக்கொண்டு போனால் ஆதாரம் வேண்டுமே என்று வேலி ஓலையில் ஓட்டை போட்டு, நானும் அவரைப் பார்த்துக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். "2.10 வந்தார். 2.15 அழுதார். 2.30 போனார்." அடுத்த நாளும் அழுதார். 'நடிப்பு' என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஒருநாள் அழவில்லை. அதுதான் பெரிய சந்தேகமாக இருந்தது. இரண்டு கோடு போட்டேன்.

நான்காம் வாரம், அவர் போன கையோடு ஒரு ஜீப் வந்தது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி இறங்கி மரத்தடியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், ஓட்டையில் என் கண்ணைப் பார்த்தார். கொப்பியும் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

பொறுப்பதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. அங்கே இரண்டும் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். கூப்பிட்டார்கள். வந்தவர் என் உடைமரத்து ஆள்.

கொப்பியைப் புரட்டியவரின் முகம் வெளுத்தது. "என்னைப் பத்தியாங்க எழுதியிருக்கீங்க?" என்றார் மலையகத் தமிழில்.

"ஓம் ஐயா."

எதையாவது மாற்றிச் சொல்லியிருப்பார். ஆனால் இலக்கங்களை யாரும் வாசிக்கலாமே! பொறுப்பதிகாரியின் விரல் 2.10இல் நின்றது. உடைமரத்து ஆள் கடமையில் இருந்திருக்க வேண்டிய நேரம் அது. ஒருவருடைய வேலைக்கு நான் உலை வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னார். நாலாவது வரியில் குரல் உடைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"புள்ள பொறந்து அஞ்சு மாசம். இன்னும் பாக்கல. தமிழ் தெரிஞ்ச ஆளு நான் மட்டுந்தான்னு லீவே குடுக்கல. அந்த மரத்தடியிலதாங்க சிக்னல் வருது. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மனிதர் அழுவதைப் பார்த்து, ஏன் என்று கேட்காமல் நேரம் குறித்தவன் நான்.

"எத்தனை நாள் அழுதேன்னு கேக்குறாரு."

"பதினேழு," என்றேன்.

பொறுப்பதிகாரி கொப்பியை மூடினார். பிறகு ஒரு கடதாசியை இழுத்துக் கையெழுத்து வைத்தார். பத்து நாள் லீவு! அடுத்து என்னைக் காட்டி ஏதோ சொன்னார்.

"நான் வர்ற வரைக்கும் சனங்க சொல்ற முறைப்பாட்டை நீங்க உக்காந்து எழுதணுமாம். எதையும் விடாம எழுதுறீங்களாம்."

எழுதினேன். மூன்றாம் நாளே, தேத்தண்ணிக் கடைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவர் திரும்பி வந்து, பிள்ளையின் படத்தைக் காட்டிவிட்டு, நான் உட்கார்ந்து எழுதிய கதிரையை வாங்கிக்கொண்டார். என்மேல் விழுந்த ஊரின் சந்தேகத்தை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தேவாலயத்தில் என் கலியாணப் பூசை முடிந்ததும் மாமனார் என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. இனி நாங்கள் ஒரே குடும்பம். உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் பொலிசோ, சி.ஐ.டி.யோ?"

நான் சொன்ன பதிலை அவர் நம்பவில்லை. இன்றைக்கும் அரசாங்கத்தைத் திட்டவேண்டும் என்றால், எழுந்து கிணற்றடிக்குப் போய்த் திட்டிவிட்டு வந்துதான் என்னோடு சாப்பிட உட்காருவார்.