கடலுக்குப் போன கேமரா பை

நான் எடுத்த இயற்கைக் காட்சிப் படங்களை யாரும் இரண்டு விநாடிக்கு மேல் பார்த்ததில்லை. மேலே பாதி வானம், கீழே பாதி கடல், நடுவில் கொஞ்சம் சாய்ந்த ஒரு கோடு. என் கணவர் கதிர் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு உமா. இதுல எதைப் பார்க்கணும்?" என்று கேட்பார்.

அதற்குப் பதில் ஒரு காணொளியில் கிடைத்தது. வெறும் கடலையும் வானத்தையும் எடுத்தால் கண் நிற்க இடம் இருக்காதாம். முன்னால், பக்கத்தில், ஏதாவது ஒரு பொருள் வேண்டுமாம். (இதைத் தெரிந்துகொண்டதும் பாதிக் கலைஞராகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.) உடனே பரமேஸ்வரி அண்ணியிடம் கேமராவை இரவல் கேட்டேன். அண்ணி என் கணவரின் அக்கா. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். அவர் "அப்படியா?" என்று சொன்னாலே நான் சொன்னதை மாற்றிச் சொல்லிவிடுவேன்.

"சனிக்கிழமை ராத்திரி எனக்கு மெல்பர்ன் ஃப்ளைட். மகளோட பட்டமளிப்பு. மத்தியானத்துக்குள்ள கேமரா கையில வந்துடணும்" என்று சொல்லிப் பையோடு கொடுத்தார்.

சனிக்கிழமை விடியும்போது சிங்கப்பூரின் சாங்கி கடற்கரையில் முக்காலியை நிறுத்தி, கேமராவை மாட்டிவிட்டேன். வானம் அருமையாகச் சிவந்தது. முன்னால் வைக்கத்தான் ஒன்றுமே இல்லை. படகு இல்லை, மரக்கட்டை இல்லை, ஒரு சிப்பிகூட இல்லை. சூரியன் எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்ற பதற்றத்தில், காலி கேமரா பையை எடுத்துப்போய்த் தண்ணீர் ஓரத்துப் பாறையில் வைத்தேன்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி ஏறுது லா. பையை அங்க வைக்காதம்மா."

"ஃபோட்டோவுக்கு அங்கிள். முன்னால ஒரு பொருள் வேணும்."

"அது சரி. அப்புறமும் அந்தப் பொருள் வேணுமில்ல?"

நான் புன்னகைத்தேன். (கலை புரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. இன்று நினைத்தால் காது சுடுகிறது.) பிறகு கேமராவின் சின்னத் திரைக்குள் மூழ்கிவிட்டேன். நாலாவது படத்தில் பை கொஞ்சம் இடம் மாறியிருந்தது. ஐந்தாவது படத்தில் பாறை மட்டும் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பை கடலில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சரி, காலிப் பைதானே, புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணி.

"உமா, அந்தப் பையோட பின்பக்க ஜிப்புல என் பாஸ்போர்ட் இருக்கு. பயணத்துக்குன்னு அதுல வச்சிருந்தேன், மறந்தே போச்சு. பத்திரமா வச்சுக்க."

"பத்திரமா... இருக்கு அண்ணி" என்றேன். அது அப்போது இருபதடி தூரத்தில் இருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் செருப்போடு இறங்கினேன். இடுப்பளவு வந்ததும் பெரியவர், "மேல வாம்மா, நீயும் போயிட்டா நான் யாரைப் பிடிக்கிறது?" என்று அதட்டினார். பிறகு பையைக் குறிபார்த்துத் தூண்டிலை வீசினார். முதல் வீச்சு தப்பியது. இரண்டாவதும் தப்பியது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நாலாவது வீச்சில் முள் பையின் வாரில் மாட்டியது. பெரியவர் இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, மறுபடி மீன் பிடிக்கத் திரும்பிவிட்டார்.

பாஸ்போர்ட் நனைந்து உப்பியிருந்தது. வீட்டுக்குப் போக முடியாது. கதிர் தன் அக்காவிடம் எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைத்ததில்லை. ஹேர் டிரையர் வேண்டும், உடனே வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே அழகு நிலையம் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்தது. ரயிலேறி, ஈர ஜீன்ஸோடு அது திறந்து அரை மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். (அந்தக் கடையை எனக்கு அறிமுகப்படுத்தியது யார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.)

"ஐப்ரோவாக்கா?" என்றாள் கடைக்காரப் பெண் செல்வி.

"ஹேர் டிரையர் மட்டும் கொஞ்சம் குடு."

"முடி காஞ்சுதானே இருக்கு?"

"முடிக்கு இல்ல."

பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா முகம் முழுக்க வெள்ளைப் பூச்சும் கண்மேல் பஞ்சுமாகச் சாய்ந்திருந்தார். நான் ஒவ்வொரு தாளாகப் பிரித்து டிரையரைக் காட்டிக்கொண்டே, பாறை, பை, தூண்டில் என்று எல்லாவற்றையும் செல்வியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் இரண்டு புருவத்தையும் ஏற்றி ஏற்றி இறக்கினாள். என் புருவத்தைத் திருத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"எங்க அண்ணிக்கு மட்டும் தெரிஞ்சுது, நான் தொலைஞ்சேன்" என்று முடித்தேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "சூட்டைக் குறை, உமா. ஓரம் கருகிடும்."

அண்ணியேதான். முகத்துப் பூச்சோடு எழுந்து உட்கார்ந்து, டிரையரை என் கையிலிருந்து வாங்கி, மீதித் தாள்களை அவரே காயவைத்தார். அன்றிரவு விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த பெண் அலை அலையாய் நெளிந்த அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டபோது, என் மகளைப் பெற்றெடுத்த நாளில்கூட அப்படி வேர்க்கவில்லை எனக்கு. எப்படியோ அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை "மெல்பர்ன்லயும் விட்டுட்டாங்க" என்று செய்தி வந்த பிறகுதான் ஒரு வாய் காப்பி இறங்கியது.

அந்தப் பாஸ்போர்ட் காலாவதியாகப் பல வருடம் இருந்தது. புதுசு எடுக்கச் சொல்லிப் பார்த்தோம். நன்றாகத்தானே இருக்கிறது என்று அண்ணி மறுத்துவிட்டார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை, ஊர் ஊராகப் போகிறவர். போகும் நாட்டிலெல்லாம் அதிகாரிகள் தாள்களைத் தடவிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். அண்ணியும் பொறுமையாக, ஒன்றையும் விடாமல் சொல்கிறார். போன மாதம் தோக்கியோவில் இறங்கியதும் குடும்ப வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"இந்த ஆபிசர் ரொம்ப நல்ல மாதிரி. உமா, உன்னை விசாரிச்சார்."