நிறைகுடம் வைத்த ஊர்

கடல் மூன்று பக்கமும் மந்திரிமார் நாலு பக்கமும் சூழ்ந்த நாடு ஒன்று இருந்தது. அதன் கிழக்கு மூலையில் கிடந்தது எங்கள் தாழைமுனை. ஒரு வருடம் கடல் ஊருக்குள் வந்தது. வந்தது திரும்பிப் போனபோது உப்பைக் கிணறுகளில் விட்டுவிட்டுப் போனது.

கிணற்றை நன்றாக இறைத்துச் சேறெடுத்து மழையை ஊறவிட்டால் தண்ணீர் திருந்தும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு வேண்டியது நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்று. அதுவரைக்கும் அரண்மனை பவுசர் என்ற தண்ணீர் வண்டியில் கொஞ்சம் குடிதண்ணீர் அனுப்பியது. தோணிக்காரன் மனைவி நேசத்தின் கைக்குழந்தைக்கு உவர்த்தண்ணீரால் வயிற்றோட்டம் கண்டிருந்தது. மழைக்கு முன் கிணறு இறைபடாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் நிலையைக் கேள்விப்பட்டுப் பனிநாட்டு அரசர் இரங்கினார். உடனே எங்கள் அரசர் உதவி பெறும் அமைச்சு என்று ஒன்றைத் தொடங்கிப் பேரின்பநாயகம் என்பவரை அமைச்சராக்கினார். பனிநாட்டுத் தூதுவர் நேரில் வந்து பார்ப்பார், பார்த்தபின் இயந்திரம் வரும் என்று அமைச்சர் அறிவித்தார். மக்களின் முகம் வாடலாம், நாட்டின் மானம் வாடக்கூடாது என்பது அவருடைய முதல் ஆணை.

எங்களுக்கு இயந்திரத்தைவிட விருந்தாளி வருவதுதான் பெரிதாகப் பட்டது. பெரிய மனிதர் வரும்போது வாசலில் நிறைகுடம் இல்லாமல் எப்படி? ஊர் கூடித் தீர்மானித்தோம். பவுசர் தண்ணீரைக் குடிக்காமல் மிச்சம் பிடித்துக் குடங்களை நிரப்பினோம். கிணற்றுத் தண்ணீரையே ஊற்றலாமே என்று ஒருவன் கேட்டான். விருந்தாளிக்கு உப்பா என்று அவனை ஏசினோம்.

"தண்ணி இல்லையெண்டு காட்டத்தானே கூப்பிடுறியள்? பிறகேன் குடத்தை நிரப்பி வைக்கிறியள்?" என்றாள் நேசம்.

"வெறுங்குடம் வைச்சால் சனம் என்ன சொல்லும், பிள்ளை?" என்றோம்.

எந்தச் சனம் என்று கேட்டாள். அதற்கு நாங்கள் குரலை உயர்த்தினோம்.

தூதுவர் வந்தார். வாசலுக்கு வாசல் மாவிலையும் தேங்காயுமாகக் குடங்கள். ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தார். ஊரிலேயே பெரிய குடம் என்னுடையது. அதில் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் போனபின் முடிவு வந்தது. அலங்காரத்துக்கு வைக்குமளவு நல்ல தண்ணீர் தாழைமுனையில் மிதமிஞ்சிக் கிடக்கிறதாம். பவுசரை நிறுத்தினார்கள். இயந்திரம் அரண்மனைத் தாமரைக்குளத்துக்குப் போனது. எங்களுக்குக் கை கழுவும் பயிற்சி கிடைத்தது. இலவசமாகத் தந்த சவர்க்காரம் உப்புத் தண்ணீரில் நுரைக்கவில்லை. நாங்கள் ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்றார் பயிற்றுநர். படம் பிடிக்கும்போது மட்டும் எல்லோரும் நன்றாகத் தேய்த்தோம்.

பிறகு அமைச்சரிடம் போய், குடத்தில் இருந்தது மிச்சம் பிடித்த தண்ணீர் என்று முறையிட்டோம். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்படியானால் அரசரின் விருந்தாளி கண்டது பொய் என்கிறீர்களா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தோம். தூதுவர் மகிழ்ந்து போனதால், இனி எல்லா ஊரும் நிறைகுடம் வைக்கவேண்டும், வைக்காத ஊருக்கு உதவி இல்லை என்று சட்டமும் வந்தது. எங்கள் ஊர்ப் பழக்கம் சட்டமாகிவிட்டதே என்று அதற்கும் கொஞ்சம் மகிழ்ந்தோம்.

தூதுவர் இரண்டாம் முறை வந்தபோது எங்களிடம் இருந்தது உப்புத் தண்ணீர்தான். அதை நிரப்பி வைத்தோம். நேசம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்தில் ஒரு செம்பு மொண்டு தூதுவரின் கையில் கொடுத்தாள்.

"குடிச்சுப் பாருங்கோ ஐயா. என்ரை பிள்ளை குடிக்கிறது இதைத்தான்."

மொழிபெயர்ப்பவர் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னார். தூதுவர் குடித்தார். கண் கலங்கியது. ஆனால் பிறநாட்டுக்குப் போகிறவர்கள் அங்கே கொடுப்பதை முகம் சுளிக்காமல் விழுங்கவேண்டும் என்று பனிநாட்டில் நன்றாகப் பழக்கியிருந்தார்கள். விழுங்கிவிட்டுக் கைகூப்பினார்.

"உங்கள் மரபுப் பானம் தனித்தன்மையானது" என்று அவர் சொன்னதாக மொழிபெயர்த்தார்கள்.

நேசம் செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

மழை தொடங்கியதும் பிள்ளையோடு உள்நாட்டுக்குப் போய்விட்டாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். மழைநீர் உப்புச் சேற்றின் மேல் விழுந்து உப்பாயிற்று. பிறகு ஒருநாள், தாழைமுனையில் தண்ணீர் இல்லாமல் வாடுவோர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அமைச்சர் அறிவித்தார். அதற்கு வெற்றிவிழா வைத்தார்கள்.

விழாவுக்கு ஊரில் ஆள் போதவில்லை. உள்நாட்டிலிருந்து பஸ்களில் சனத்தை ஏற்றி வந்து இறக்கினார்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது நேசம். தன்னைப் போலப் போனவர்கள் எல்லோரும் அங்கே குவிந்ததில் அந்தக் கிணறுகளும் வற்றிவிட்டன என்றாள். பிள்ளை மடியில் அசையாமல் தூங்கியது.

மேடையில் அமைச்சர் தாழைமுனை மீண்டுவிட்டது என்று தொடங்கினார். நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேசம் முழங்கையால் இடித்தாள்.

"கை தட்டுங்கோ அம்மான். தட்டுற ஆக்களுக்குத்தான் தண்ணிப் போத்தல் குடுக்கினமாம்."

தட்டினேன். அவளைவிடச் சத்தமாகத் தட்டினேன்.