ஆம்புலன்சுக்குப் பின்னால் வந்த சொந்தங்கள்

நோயாளிகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் ஜோர்டான் தலைநகரான எங்கள் அம்மான் நகரத்துக் காரோட்டிகள்தாம். இதில் யாருக்காவது ஐயமிருந்தால், நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால், எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் ஒன்றில் ஏறிப் பார்க்கலாம். நான் ஏறினேன்.

நெஞ்சுவலி எனக்கல்ல, மேல்மாடி அபூ நிஸாருக்கு. அவர் மனைவி உம்மு நிஸார் பருப்பு சூப்பை அடுப்பிலிருந்து இறக்கும்போது மனிதர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். துணைக்கு நானும் போனேன்.

சைரன் கேட்டதும் முன்னால் நின்ற கார்கள் விலகி வழிவிட்டன. அத்தோடு நிற்பது எங்கள் பண்பாடு அல்ல. விலகிய கார்கள் அத்தனையும் ‘பரிவோடு’ எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டன. ஏழாவது ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் கல்யாண ஊர்வலம் போல் ஆகிவிட்டது. ஒரு வெள்ளிநிறக் கார் எங்கள் பின்கதவை முத்தமிடும் நெருக்கத்தில் வந்தது.

“இவ்ளோ பேரும் உங்க சொந்தக்காரங்களா?” என்றாள் முதலுதவி செய்த பெண்.

ஓட்டுநர் ஃபவ்வாஸ் திரும்பாமலே சிரித்தார். “சொந்தமாவது! பாங்குக்குள்ள வீடு போய்ச் சேரணும்ல, சைரனைப் புடிச்சிக்கிட்டு வர்றானுங்க.”

நான் அப்படிக் கொச்சையாக நினைக்கவில்லை. அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

மருத்துவமனைத் தெருவில், வாசலுக்கு நேர் முன்னால், குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் பக்கவாசலில் நுழைந்துவிடலாம். ஆனால் பின்னால் ‘அன்பு’ அடைத்துக்கொண்டு நின்றது. ஃபவ்வாஸ் இறங்கிப் போனார்.

“தம்பி, கொஞ்சம் பின்னால எடுப்பா.”

வெள்ளிநிறக் காரில் இருந்த இளைஞன் கண்ணாடியை இறக்கினான். “நான் எதுக்குப் பின்னால போகணும்? ஏழாவது ரவுண்டானாலேர்ந்து நான்தான் மொத ஆளு. எத்தனை பேரு நடுவுல புகுந்தான் தெரியுமா? ஒருத்தனுக்கும் விட்டுக் குடுக்கல.”

“உள்ள ஒரு உசுரு துடிச்சிக்கிட்டிருக்குப்பா!”

“அதத்தான் நானும் சொல்றேன். சீக்கிரம் போங்க! ஏன் நிக்கிறீங்க? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?”

இந்த நியாயத்தை ஆமோதித்துப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள்.

“நாடி இறங்குது!” என்று அந்தப் பெண் கத்தினாள். “அபூ நிஸார், கண்ணத் தொறங்க, என்னப் பாருங்க,” என்று உம்மு நிஸார் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஃபவ்வாஸ் திரும்பி வந்தார். சைரனை நிறுத்தினார். சுழல் விளக்கை அணைத்தார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து கதவருகே நின்றார். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஹார்ன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

“இன்னா லில்லாஹி...” என்று மரணச் செய்திக்குரிய வாசகத்தைச் சொன்னபடி வெள்ளிநிறக் கார் இளைஞன் இறங்கினான். மார்பில் கை வைத்து, வண்டியை விட்டு இறங்கியிருந்த என்னிடம் வந்தான். “என் பேரு ஸுஹைர். துக்கம் கேக்க எந்த வீட்டுக்கு வரணும், ஹாஜியாரே?”

கேட்டால் சொல்வதுதானே மரியாதை? முகவரியைச் சொன்னேன்.

இரண்டாவது காரிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். “ஜனாஸா ஊர்வலம் எந்த வழியா போகும்? எங்க வீடு ஸ்வைலே பக்கம்... ஒண்ணாவே போயிடலாம்னுதான்.”

பிறகு நான் கண்ட ஒழுங்கை ராணுவ அணிவகுப்பில்கூடக் கண்டதில்லை. கடைசிக் கார் முதலில், முதல் கார் கடைசியில் என வரிசையாகப் பின்வாங்கின. யாரும் யாரையும் முந்தவில்லை. தெரு காலியானது. நாங்கள் பக்கவாசலில் நுழைந்தோம். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பயனிருந்திருக்காது என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள், நோன்பு திறந்த பிறகு, அபூ நிஸார் வீட்டுக் கூடத்தில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தேன். கறுப்புச் சட்டையில் ஸுஹைர். கையில் துக்க வீட்டுக்கான கசப்புக் காபிப் பொட்டலம்.

“மறைந்தவருக்கு இறைவன்...” என்று தொடங்கியவன் கூடத்தைப் பார்த்தான். “இவர் யாரு?”

“மறைஞ்சவரு,” என்றேன்.

“வாங்க மகனே, உக்காருங்க,” என்றார் அபூ நிஸார்.

ஸுஹைர் காபிப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டான். முகம் சிவந்துவிட்டது.

“இது நியாயமா பெரியவரே? நீங்க உசுரோடதான் இருக்கீங்கன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வண்டியப் பின்னால எடுத்தே இருக்க மாட்டேனே!”